எண்ணியவர் யார், எண்ணப்படாதவர் யார்?

சென்ற மாதம் ஒரே வாரத்தில் இரண்டு கடிதங்கள் நமக்கு வந்தன. எழுதியவர்கள் இருவரும் கல்லூரி மாணவர்கள், இருவருமே ஒரகடம் சிப்காட்டைச் சுற்றியுள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஒரு கடிதம், தொழிற்சாலைகள் வந்த பிறகு தங்கள் பகுதியில் தலித் மக்களின் வறுமை ஒழிந்துவிட்டது என்றது. இன்னொரு கடிதம், தாராளமயத்தால் ஒரு தலித் குடும்பத்துக்கும் பயன் இல்லை, பறிபோனதுதான் மிச்சம் என்றது. முதல் கடிதத்துக்கு ஆதாரம் அரசின் வறுமைக் கணக்கும் ஒரு நிறுவனத்தின் செய்திக் குறிப்பும். இரண்டாவதற்கு ஆதாரம் ஒரு துண்டறிக்கையும் வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பட்டியலும்.

இரண்டையும் நாம் வெளியிடவில்லை. மாணவர்கள் இருவரும் நேர்மையாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் அவர்கள் கையில் வைத்திருந்த ஆதாரம், அவர்கள் சொன்ன முடிவைத் தாங்கும் ஆதாரம் அல்ல. 1991 ஜூலையில் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை நம் பகுதியில் தலித் மக்களுக்கு என்ன செய்தது என்று எழுத நினைக்கும் எவருக்கும் வரும் சிக்கல்தான் இது. எனவே இந்த வாரம், எந்த ஆதாரத்தை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதைப் பற்றியே பேசுவோம்.

இது படித்தவர்களின் வீண் ஆராய்ச்சி அல்ல என்பதற்கு நம்முடைய தவறு ஒன்றையே சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பத்தியில் ஒரு கிராமத்தின் பஞ்சமி நிலத்தைப் பற்றி எழுதினோம். பதிவேட்டில் ஹெக்டேரில் இருந்த பரப்பை ஏக்கர் என்று அச்சிட்டுவிட்டோம். ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். காலனி மக்கள் நம் பத்தியை வெட்டி மனுவோடு இணைத்துக் கொடுத்தார்கள். பரப்பே பொருந்தவில்லையே என்று மனு திரும்பி வந்தது. நாம் திருத்தம் வெளியிட்டோம். ஆனால் அவர்கள் மறுபடி மனு எழுதி, அடுத்த ஜமாபந்திக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. நம் ஒரு சொல் பிழைக்கு ஓர் ஊர் ஓராண்டைக் கொடுத்தது. பலம் உள்ளவர்கள் தப்பான எண்ணைச் சொன்னால் மறுநாள் மறுப்பறிக்கை விட்டுச் சமாளிப்பார்கள். நம் மக்களின் மனுவில் ஓர் எண் தப்பினால், உண்மையான கோரிக்கையும் சேர்ந்து குப்பைக்குப் போகும்.

அறிவிப்பு வேறு, முதலீடு வேறு

நம் மாவட்டங்களில் அதிகமாகப் புழங்கும் எண் முதலீட்டு எண்தான். 2015-இல் சென்னையில் நடந்த உலக முதலீட்டாளர் மாநாட்டில் 98 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், சுமார் 2.42 லட்சம் கோடி ரூபாய் என்றார்கள். 2024 ஜனவரியில் நடந்த மாநாட்டில் 631 ஒப்பந்தங்கள், 6.64 லட்சம் கோடி ரூபாய், நேரடியாகவும் மறைமுகமாகவும் சுமார் 26.9 லட்சம் வேலைவாய்ப்பு என்றார்கள். 2015-இல் ஒரு கட்சி ஆட்சி, 2024-இல் இன்னொரு கட்சி ஆட்சி. அறிவிக்கும் முறையில் மட்டும் வேறுபாடு இல்லை.

இந்த எண்களைப் பொய் என்று நாம் சொல்லவில்லை. அவை எதன் எண்கள் என்பதுதான் கேள்வி. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது நிச்சயதார்த்தம் போன்றது. அதைக் கல்யாணம் என்று எழுதக் கூடாது. எத்தனை நிறுவனங்கள் நிலம் எடுத்தன, எத்தனை உற்பத்தியைத் தொடங்கின, எத்தனை பேரை நேரடியாக வேலைக்கு வைத்தன, எத்தனை பேரை காண்டிராக்ட் ஏஜென்ஸி மூலம் வைத்தன என்பவையெல்லாம் தனித்தனிக் கணக்குகள். மாநாட்டு மேடையில் சொல்லப்படுவது முதல் படி மட்டுமே.

ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையை நினைத்துப் பாருங்கள். 2006-இல் உற்பத்தி தொடங்கியபோது அது தமிழ்நாட்டின் பெருமை என்று பத்திரிகைகள் எல்லாம் எழுதின. ஆயிரக்கணக்கான இளைஞர்களும் இளம்பெண்களும் அங்கே வேலை பார்த்தார்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி ஆலை மூடப்பட்டது. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021-இல் மூடல் அறிவிப்பு வெளியிட்டு 2022-இல் உற்பத்தியை நிறுத்தியது. திறப்பு விழா நாளில் வந்த எண்கள் இன்றும் கட்டுரைகளில் வாழ்கின்றன. மூடியபின் அந்தத் தொழிலாளர்கள் எங்கே போனார்கள், எத்தனை பேர் ஊருக்குத் திரும்பிக் கூலிக்குப் போனார்கள் என்பதற்கு அதுபோல் ஊரறிந்த எண் எதுவும் இல்லை. அவர்களில் தலித்துகள் எத்தனை பேர் என்பதற்கும் இல்லை. தனியார் ஆலை தன் தொழிலாளரைச் சாதிவாரியாகக் கணக்குக் காட்ட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

வருங்கால வைப்புநிதிக் கணக்கை வைத்து, 'இந்த மாதம் இத்தனை லட்சம் புதிய வேலை' என்று செய்தி வருகிறது. அதையும் பொறுமையாகப் படிக்க வேண்டும். ஒரு பட்டறையில் ஏற்கெனவே 19 பேர் வேலை பார்க்கிறார்கள் என்று வையுங்கள். இருபதாவது ஆள் சேர்ந்ததும் அந்தச் சட்டம் பட்டறைக்குப் பொருந்தும். அப்போது இருபது பேருமே புதிய உறுப்பினர்களாகப் பதிவாகலாம். ஆனால் புதிதாக வேலை பெற்றவர் ஒருவர்தான். அந்தப் பதிவு தொழிலாளருக்கு நல்லது, சந்தேகம் இல்லை. ஆனால் பதிவு கூடுவதை எல்லாம் வேலை கூடுவது என்று எழுதிவிட முடியாது.

வறுமைக்கு எத்தனை அளவுகோல்?

முதல் கடிதம் எழுதிய மாணவர், தமிழ்நாட்டில் வறுமை 2.2 சதவீதம்தான் என்று எழுதியிருந்தார். அது நிதி ஆயோக் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் கணக்கு, 2019-21 குடும்ப நல ஆய்வின் தரவுகளை வைத்துச் செய்தது. இன்னொரு கணக்கும் உண்டு. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12-இல் தமிழ்நாட்டில் வறுமை சுமார் 11.3 சதவீதம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பதினொன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது என்று எழுதுவதைப் பார்க்கிறோம். படியால் அளந்ததையும் முழத்தால் அளந்ததையும் கழித்துப் பார்ப்பது போன்றது இது.

டெண்டுல்கர் கணக்கு செலவை அளந்தது. அகில இந்திய அளவில் கிராமத்தில் ஒருவருக்கு மாதம் 816 ரூபாய், அதாவது நாளுக்கு ஏறக்குறைய 27 ரூபாய் செலவு செய்ய முடிந்தால் அவர் ஏழை அல்லர் என்றது. நிதி ஆயோக் கணக்கு செலவைப் பார்க்கவே இல்லை. ஊட்டச்சத்து, பள்ளிப் படிப்பு, சமையல் எரிபொருள், கழிப்பறை, குடிநீர், மின்சாரம், வங்கிக் கணக்கு என்று 12 குறியீடுகளைப் பார்த்தது. வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று கேட்டது, அதில் பணம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. சொந்த நிலம் உண்டா, கூலி எவ்வளவு, யாரிடம் கடன் என்பவை அந்தப் பன்னிரண்டில் இல்லை. நம் காலனிகளில் வறுமையைப் பற்றிக் கேட்டால் முதலில் சொல்வது இந்த மூன்றைத்தான்.

இடத்தின் சிக்கலும் உண்டு. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருப்பது பழைய காஞ்சிபுரம் மாவட்டம். அந்த எண்ணை எடுத்து இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்தின் எண் என்று எழுதினால், தாம்பரத்தையும் மதுராந்தகத்தையும் நாமே இழுத்துச் சேர்த்தவர்கள் ஆவோம். வட்டம் வட்டமாகப் பிரித்துக் கூட்ட வேண்டும். அந்தக் கணக்கெடுப்பில் ஊருக்கு ஊர் ஆதிதிராவிடர் மக்கள்தொகை கிடைக்கும். ஆனால் ஓர் ஊரின் தலித்துகளில் எத்தனை பேர் சொந்தப் பயிர் செய்கிறார்கள், எத்தனை பேர் கூலி என்பது அந்த ஊர் அட்டவணையில் இல்லை. அதற்கு மாவட்ட அட்டவணைக்குத்தான் போக வேண்டும்.

அரசின் எண் என்பதற்காகவே நம்பிவிடலாமா? 2017-18 நுகர்வுச் செலவு ஆய்வை, தரம் சரியில்லை என்று சொல்லி ஒன்றிய அரசு வெளியிடாமல் நிறுத்தியது. அதே ஆண்டின் வேலையின்மை அறிக்கை, வேலையின்மை 6.1 சதவீதம் என்று சொன்ன அறிக்கை, பத்திரிகையில் கசிந்த பிறகும் அதிகாரபூர்வமாக வந்தது 2019 மக்களவைத் தேர்தல் முடிந்த பிறகுதான். அதை வெளியிடத் தாமதித்தபோது தேசியப் புள்ளியியல் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி. மோகனன் பதவி விலகினார். அரசின் எண்ணைத் தூக்கி எறிய வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. வெளிவந்த எண்ணோடு, வெளிவராத எண்ணையும் கேட்க வேண்டும்.

அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்டு நடக்கும் என்றும், எல்லாச் சாதிகளும் கணக்கெடுக்கப்படும் என்றும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருபவரிடம் தொழில், வேலை நாட்கள் பற்றிய கேள்விகளுக்கு நம் மக்கள் நிதானமாகவும் சரியாகவும் பதில் சொல்ல வேண்டும். அடுத்த பல ஆண்டுகளுக்கு நம்மைப் பற்றி எழுதுகிறவர் எல்லாம் அந்தப் பதிலைத்தான் புரட்டப்போகிறார்கள்.

ஆய்வு நடந்த ஊர் எது?

மாணவர்கள் ஆய்வுக் கட்டுரைகளை மேற்கோள் காட்டுவது நல்லது. ஆனால் அந்த ஆய்வு எங்கே நடந்தது என்பதைச் சேர்த்தே எழுத வேண்டும்.

சந்தை வந்தது தலித்துகளுக்கு நல்லதே என்பவர்கள், சந்திரபான் பிரசாத் உள்ளிட்டோர் 2010-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறார்கள். உத்தரப் பிரதேசத்தின் இரண்டு ஒன்றியங்களில் எல்லாத் தலித் குடும்பங்களையும் கேட்டு, 1990-க்கும் 2007-க்கும் இடையே வீடு, உணவு, உடை, விருந்தில் உட்காரும் இடம் ஆகியவற்றில் வந்த மாற்றத்தைப் பதிவு செய்த ஆய்வு அது. எதைக் கேட்க வேண்டும் என்பதைத் தலித்துகளின் வாழ்க்கையிலிருந்தே எடுத்துக்கொண்டது அதன் பெருமை. ஆனால் 1990-இன் நிலையை 2007-இல் நினைவிலிருந்து சொல்லச் சொன்னார்கள் என்பதையும், மாற்றம் நடந்தது உண்மை என்றாலும் அதற்குக் காரணம் சந்தையா, இடஒதுக்கீடா, அரசியல் எழுச்சியா என்று அந்தக் கணக்கால் மட்டும் பிரித்துச் சொல்ல முடியாது என்பதையும் மறக்கக் கூடாது. அங்கே நடந்ததை அப்படியே உத்திரமேரூருக்குக் கொண்டுவரவும் முடியாது.

எதிர்த் தரப்பினர், சுகதேவ் தோரட்டும் பால் அட்வெலும் 2007-இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டுகிறார்கள். ஆங்கில நாளேடுகளில் வந்த 548 தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். ஒரே தகுதி இருந்தும், உயர்சாதிப் பெயருக்கு நேர்முகத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. தனியார் துறையில் சாதி இல்லை என்பவர்களுக்கு இது உறுதியான பதில். ஆனால் அது பட்டப்படிப்பு கேட்கும் வேலைகளைப் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்போ ஐடிஐயோ முடித்து, ஏஜென்ஸி வேனில் ஏறி ஷிப்ட்டுக்குப் போகும் நம் பிள்ளைகளின் கதைக்கு வேறு ஆய்வு வேண்டும்.

நமக்கு நெருக்கமான ஆய்வு ஒன்று திருப்பூர் வட்டாரத்தில் நடந்தது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நீவ் என்ற இருவர் அங்கே இரண்டு கிராமங்களில் தங்கி ஆராய்ந்தார்கள். ஒரு கிராமத்துத் தலித்துகள் பனியன் கம்பெனி வேலைக்குப் போகத் தொடங்கி, ஊர்க்காரர்களை நம்பியிருந்த நிலையிலிருந்து பெரிதும் விலகினார்கள். இன்னொரு கிராமத்தில் தலித்துகள் விசைத்தறியில் முன்பணம் வாங்கி, அந்தக் கடனிலேயே கட்டுண்டு கிடந்தார்கள். ஒரே வட்டாரம், ஒரே காலம், ஒரே பொருளாதாரக் கொள்கை, ஆனால் இரண்டு விளைவுகள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தவர் எழுதினால் அது நம் முதல் கடிதம் போலவோ இரண்டாம் கடிதம் போலவோதான் இருக்கும்.

சட்டமே எண்ணாமல் விட்டால்?

இனி நிலத்துக்கு வருவோம். ஓர் ஊரின் நிலத்தைத் தொழிற்சாலைக்கு எடுக்கிறார்கள். பட்டாக்காரருக்கு இழப்பீடு உண்டு. அந்த நிலத்தில் நாற்று நட்டவர், களை எடுத்தவர், குத்தகைக்குப் பயிர் செய்தவர், மாடு மேய்த்தவர் எத்தனை பேர்? அவர்களை எந்தக் காகிதம் எண்ணியது?

2013-ஆம் ஆண்டின் ஒன்றிய அரசு நிலம் எடுப்புச் சட்டம், பாதிக்கப்படும் குடும்பம் என்பதில் நிலமற்ற விவசாயக் கூலிகளையும் குத்தகைக்காரர்களையும் சேர்த்தது. நிலம் எடுக்கும் முன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும், எத்தனை குடும்பங்கள் பாதிக்கப்படும் என்று கணக்கிட வேண்டும், மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்றது. ஆனால் தமிழ்நாட்டில் தொழிற்சாலைகளுக்கு நிலம் எடுப்பது பெரும்பாலும் 1997-ஆம் ஆண்டின் மாநிலச் சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தையும், நெடுஞ்சாலைச் சட்டத்தையும், ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் எடுக்கும் 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தையும் மாநில அரசு ஒன்றியச் சட்டத்துக்கு வெளியே வைத்தது. 2019 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இது செல்லாது என்றது. அதே ஆண்டு அரசு புதுச் சட்டம் இயற்றி மூன்றுக்கும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மூன்றில் ஒன்று நம் மக்களுக்கு வீட்டுமனை தருவதற்கான சட்டம் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பாதியைச் சொன்னால் நாமும் செய்திக் குறிப்பு எழுதுகிறவர்கள் ஆகிவிடுவோம்.

விளைவு என்ன? இழப்பீட்டுத் தொகையின் கணக்கு இருக்கிறது. கூலிக்காரரை எண்ண வேண்டிய மதிப்பீடு கட்டாயம் இல்லை. பிறகு ஒரு மாணவர், சிப்காட்டால் எத்தனை தலித் கூலிகள் வேலை இழந்தார்கள் என்று தேடினால் ஆவணம் கிடைப்பதில்லை. 'ஆதாரம் இல்லையே' என்று அவரை மடக்குகிறார்கள். ஆதாரம் இல்லாதது பாதிப்பு இல்லை என்பதற்குச் சான்று ஆகாது. எண்ண வேண்டியவர் எண்ணவில்லை என்பதற்குத்தான் சான்று. இந்த வேறுபாட்டை ஒவ்வொரு கட்டுரையிலும் தெளிவாக எழுத வேண்டும் என்பதே நாம் இங்கே முக்கியமாகச் சொல்ல வந்தது.

நம் பக்கத்து எண்களுக்கும் இதே சோதனை உண்டு. பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று மேடைதோறும் கேட்கிறோம். எந்த ஆண்டு, எந்தெந்த மாவட்டம், எந்தப் பதிவேடு என்று திருப்பிக் கேட்டால் பதில் சொல்பவர் அரிது. அந்த எண்ணை முழக்கமாக வைத்துக்கொள்ளலாம். மனுவில் அதை எழுதி ஒரு சென்ட் நிலமும் வாங்க முடியாது. மனுவில் நிற்பது புல எண், உட்பிரிவு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, 'அ' பதிவேட்டில் உள்ள டி.சி. என்ற குறிப்பு ஆகியவைதான். 1980-களின் யுடிஆர் பதிவில் அந்தக் குறிப்பு விடுபட்டிருந்தால், அதற்கு முந்தைய பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். நிலத்தின் விலை ஏறிய தாராளமயக் காலத்தில், பஞ்சமி நில மீட்புக்காகச் செங்கல்பட்டில் 1994 அக்டோபர் 10-ஆம் தேதி நடந்த போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு உயிர்கள் பலியாயின. அவர்கள் கேட்ட நிலத்தைப் பற்றி எழுதும்போது நமக்கு அலட்சியம் கூடாது.

இந்த நிலத்தின் முதல் ஆவணத்தை எழுதியவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் என்ற ஆங்கிலேயர் 1891-இல் எழுதிய குறிப்பும், அதையொட்டி 1892-இல் வந்த அரசாணையும்தான் தொடக்கம். அவர் ஏகாதிபத்திய அரசின் அதிகாரி, வரி வசூலிப்பவர். ஆனாலும் மிராசுதார்களின் முன்னுரிமையால் தலித்துகள் தரிசு நிலத்துக்கு விண்ணப்பித்தும் பெற முடியாததை அவர் பதிவு செய்தார். எழுதியவர் நம்மவரா என்பதோடு நிறுத்தக் கூடாது. எதைக் கண்டு எழுதினார், எதற்காக எழுதினார், மற்றப் பதிவுகளோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

பெரியவர்களின் வாய்ச்சொல்

காகிதத்தில் இல்லாதது ஊர்ப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. எந்த வயலில் யார் வேலை பார்த்தார்கள், சிப்காட் வருமுன் எத்தனை நாள் வேலை கிடைத்தது, யார் நிலத்தை யார் என்ன விலைக்கு எழுதி வாங்கினார் என்பதையெல்லாம் அவர்கள் சொல்வார்கள். அது ஆதாரம்தான். ஆனால் ஒருவரிடம் மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. ஆணிடம் கேட்டதைப் பெண்ணிடமும் கேட்க வேண்டும், ஏனென்றால் நடவும் களையெடுப்பும் அவர்கள் வேலை. நிலம் விற்றவரிடமும், வாங்கியவரிடமும், ஆலை வேலைக்குப் போய் நன்றாக இருப்பவரிடமும் கேட்க வேண்டும். நம் கருத்துக்கு ஒத்துவராத பதிலையும் நோட்டில் எழுத வேண்டும். தேதியும் ஊரும் குறிக்க வேண்டும்.

எங்கும் எவரும் முழுக்க நடுநிலை அல்லர். பத்திரிகை விளம்பரத்தை நம்பி இருக்கிறது, தொண்டு நிறுவனம் நிதி தருபவரை நம்பி இருக்கிறது, கட்சி தேர்தலை நம்பி இருக்கிறது. நமக்கும் நம் மக்கள் பக்கம் சாய்வு உண்டு, அதை மறைக்க மாட்டோம். ஆனால் சாய்வு இருப்பதால்தான் எண்ணை இருமுறை சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

கிராமத்து மாணவர்கள் இதில் செய்யக்கூடியது அதிகம். சிப்காட் அரசு நிறுவனம். தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில், எந்த நிறுவனத்துக்கு எவ்வளவு நிலம், என்ன நிபந்தனையில் கொடுக்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வணிக ரகசியம் என்று மறுத்தால் மேல்முறையீடு உண்டு, அந்த மறுப்புக் கடிதமும் ஓர் ஆவணம்தான். ஜமாபந்தி நாளில் பதிவேட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம். உங்கள் தெருவில் வீடுவீடாகப் போய் யார் என்ன வேலை, நேரடி வேலையா காண்டிராக்டா, எத்தனை ஆண்டு, என்ன சம்பளம் என்று எழுதி, அந்தக் கணக்கைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்கலாம். ஒரு தெருவின் கணக்கை மாவட்டத்தின் கணக்கு என்று சொல்லாதவரை, அந்த ஒரு தெருவுக்கு அதைவிட நல்ல ஆதாரம் எந்த அலுவலகத்திலும் கிடைக்காது.

இரண்டு மாணவர்களுக்கும் நாம் ஒரே பதிலைத்தான் எழுதினோம். உங்கள் இருவரின் ஊர்களுக்கும் நடுவே உள்ள தூரம் சைக்கிளில் போகும் தூரம்தான். ஒருவர் ஊருக்கு மற்றவர் போங்கள். யார் எண்ணினார், எதற்காக எண்ணினார், எந்த எல்லைக்குள், எந்த ஆண்டில், யாரை விட்டுவிட்டார் என்ற ஐந்து கேள்விகளை ஒவ்வொரு எண்ணுக்கும் கேளுங்கள். கிடைத்ததைச் சேர்ந்து எழுதி அனுப்புங்கள், வெளியிடுகிறோம் என்றோம். இருவரும் சம்மதித்திருக்கிறார்கள். கட்டுரை வந்ததும் இதே இடத்தில் வரும். பரப்பளவு ஏக்கரா, ஹெக்டேரா என்று இந்த முறை நாம் இரண்டு தடவை பார்த்துவிட்டே அச்சுக்கு அனுப்புவோம்.